கொரிய மாணவருக்கு 'வேர்' சொல்லிக்கொடுப்பது எப்படி

ஆன்லைன் வகுப்பு தொடங்குகிறது. கொரிய மாணவர் ஜாக்கெட்டின் ஒரு கையை மாட்டியபடியே, "வெயிட், ஐ ஆம் வேரிங் மை ஜாக்கெட்" என்கிறார். ஐந்து நிமிடம் கழித்து ஒரு புகைப்படத்தைக் காட்டி, இதில் இருப்பவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால், "ஹி வோர் எ பிளாக் கேப்" என்கிறார். தொப்பியோ படத்தில் அந்த ஆளின் தலையில்தான் இருக்கிறது, எங்கும் போய்விடவில்லை. முதல் வாக்கியத்தில் 'புட்டிங் ஆன்' வந்திருக்க வேண்டும், இரண்டாவதில் 'இஸ் வேரிங்'. பிழை இரண்டு, வேர் ஒன்று. சிலேடை தானாக வந்து விழுந்தது, இருக்கட்டும்.

கொரியர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தமிழர்களுக்கான வழிகாட்டி இது. உடுத்தியிருப்பதைச் சொல்லும் 'வேர்' (wear) மிகச் சாதாரணமான வினைச்சொல். முதல் வருடத்திலேயே மாணவர் அதைப் படித்துவிடுவார். ஆனால் பல வருடம் படித்து, தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கூட பேசும்போது இதில் தடுக்கி விழுவார். சொல் தெரியாமல் வரும் பிழை அல்ல இது. கொரிய மொழி உடுத்துவதை ஒரு விதமாகக் கூறுபோடுகிறது, ஆங்கிலம் வேறு விதமாகக் கூறுபோடுகிறது.

கொரிய மொழி பார்ப்பது உடம்பின் இடத்தை. ஆங்கிலம் பார்ப்பது நேரத்தை. பாடம் முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான் நகர வேண்டும்.

பிழை எங்கே முளைக்கிறது

சட்டை, பேன்ட், பாவாடை, கோட்டு எல்லாவற்றுக்கும் கொரிய மொழியில் 'இப்தா' என்று ஒரு வினை. (கொரிய ஒலிகளைத் தமிழில் தோராயமாகத்தான் எழுத முடியும். சொல்லும் விதத்தை மாணவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.) 'இப்தா' குறிப்பது உடை மேலே ஏறும் அந்தச் செயலை. ஏறிய பிறகு அது அப்படியே இருக்கிறது என்ற நிலையைச் சொல்லத் தனி வினை இல்லை. அதே வினையின் இறந்தகால வடிவமான 'இபொஸ்ஸொயோ' அந்த வேலையையும் செய்துவிடும். எதிரே நிற்பவரைக் காட்டி "சிவப்புச் சட்டை இபொஸ்ஸொயோ" என்றால், சிவப்புச் சட்டை போட்டிருக்கிறார் என்று பொருள். உடுத்தி முடித்தார், ஆகவே இப்போது உடுத்தியிருக்கிறார் என்பது அந்த மொழியின் கணக்கு. இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் "ஹி வோர்" பிறக்கிறது.

இன்னொரு வடிவம் 'இப்கோ இத்தா'. இதுதான் உண்மையான வில்லன். ஆள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதும் 'இப்கோ இத்தா', மாட்டி முடித்து மூன்று மணி நேரம் ஆன பிறகும் 'இப்கோ இத்தா'. எது என்பதைச் சூழல்தான் சொல்லும். ஆங்கிலத் தொடர்வினையின் 'இங்' விகுதிக்கு 'கோ இத்தா' சமம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பார்கள். அதனால் இரண்டு நிலைக்கும் 'ஐ ஆம் வேரிங்' என்றே வாயில் வரும்.

தமிழ் இங்கே நமக்குக் கை கொடுக்கிறது. 'போட்டுக்கொண்டிருக்கிறார்' வேறு, 'போட்டிருக்கிறார்' வேறு என்று நாம் பெரும்பாலும் பிரித்தே பேசுகிறோம். முதலாவதற்கு 'இஸ் புட்டிங் ஆன்', இரண்டாவதற்கு 'இஸ் வேரிங்' என்று நேராகப் பொருந்திவிடும். ஆனால் நமக்கும் சொந்தமாக ஒரு பள்ளம் உண்டு. 'போட்டிருக்கிறார்' என்பதைப் பார்த்து "ஷி ஹேஸ் வோர்ன் எ ப்ளூ டிரெஸ்" என்று சொல்வது நம்மவர் வழக்கம். கண் முன்னால் இருக்கும் நிலைக்கு அது சரியில்லை. "ஷி இஸ் வேரிங்" என்றுதான் வர வேண்டும். "சீக்கிரம் ஷூ போடு" என்ற நினைப்பில் "வேர் யுவர் ஷூஸ் ஃபாஸ்ட்" என்பதும் நம் வீட்டுப் பிழைதான். கொரியர் 'வோர்' என்று வழுக்குவார், நாம் 'ஹேஸ் வோர்ன்' என்று வழுக்குவோம். பாடம் எடுக்கும் முன் நம்முடைய இந்த இரண்டு பிழைகளையும் உங்கள் வாயிலிருந்து துடைத்துவிடுங்கள். மாணவர் விதியைக் கேட்பதைவிட உங்கள் வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொள்வார்.

உடல் உறுப்புப் பட்டியலை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள்

பெரும்பாலான பாடங்கள் தொடங்குவது இங்கிருந்துதான்: கொரிய மொழியில் உடுத்துவதற்கு எத்தனை வினைகள் பார், ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று போதும்! சுவாரசியமான தகவல்தான், ஆனால் மாணவருக்கு இதில் கஷ்டமே இல்லை. பலவற்றிலிருந்து ஒன்றுக்கு வருவது சுலபம். ஒன்றிலிருந்து பலவற்றுக்குப் போகிற ஆங்கிலேயர்தான் கொரிய மொழி கற்கும்போது திணறுவார். ஆகவே வேகமாகக் கடந்துவிடுங்கள்.

உங்கள் தகவலுக்காகப் பட்டியல் இது. உடம்பில் போடுவதற்கு 'இப்தா'. காலில் போடும் செருப்பு, ஷூ, சாக்ஸுக்கு 'சின்த்தா'. தலையிலும் முகத்திலும் வைக்கும் தொப்பி, ஹெல்மெட், முகக்கவசம், கண்ணாடிக்கு 'ஸ்ஸுதா'. இறுக்கமாகச் செருகும் மோதிரம், கையுறை, கான்டாக்ட் லென்ஸுக்கு 'க்கிதா' (கண்ணாடிக்கும் சிலர் இதைச் சொல்வார்கள்). சுற்றிக் கட்டும் கைக்கடிகாரம், பெல்ட்டுக்கு 'ச்சாதா'. முடிச்சுப் போடும் டைக்கும் கார் சீட் பெல்ட்டுக்கும் 'மேதா'. தோடு, கழுத்துச் சங்கிலிக்குப் பொதுவான 'ஹாதா', அதாவது 'செய்'. தமிழிலும் சட்டை போடுகிறோம், வாட்ச் கட்டுகிறோம், கண்ணாடி மாட்டுகிறோம், பூ வைக்கிறோம். அதனால் உங்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இந்தப் பட்டியலில் மூன்று இடங்களில் மட்டும் நின்று போக வேண்டும்.

முதலாவது குடை. கொரிய மொழியில் குடைக்கும் 'ஸ்ஸுதா'தான், ஏனென்றால் அது தலைக்கு மேலே வருகிறது. "இட் வாஸ் ரெய்னிங், ஸோ ஐ வோர் அன் அம்ப்ரெல்லா" என்று கேட்டால் சிரித்துவிடாதீர்கள், அவர் மொழியின் கணக்குப்படி அது நியாயமானது. ஆங்கிலத்தில் குடையை 'யூஸ்' பண்ணலாம், கையில் 'ஹோல்ட்' பண்ணலாம், விரிப்பதற்கு 'புட் அப்' சொல்லலாம். 'வேர்' ஒருநாளும் வராது. போதாக்குறைக்கு, எழுதுவதற்கும் பயன்படுத்துவதற்கும் கொரிய மொழியில் ஒலி மாறாமல் 'ஸ்ஸுதா'வேதான். அதனால் "குடையை யூஸ் பண்ணு" என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்.

இரண்டாவது பை. தோளில் மாட்டும் பைக்கும் 'மேதா' என்ற ஒலிதான்; எழுத்து வேறு, இன்றைய பேச்சில் பலருக்கும் ஒலி ஒன்றாகிவிட்டது. முதுகுப் பைக்கு 'வேர்' தப்பில்லை. கைப்பை, சூட்கேஸ் என்று வந்தால் 'கேரி'.

மூன்றாவது வாசனைத் திரவியமும் ஒப்பனையும். கொரிய மொழியில் பெர்ஃப்யூமைத் தெளிப்பார்கள், அதற்கு 'ப்புரிதா', ஒப்பனையைச் 'செய்வார்கள்'. ஆங்கிலத்தில் இரண்டும் உடம்பில் இருக்கும் வரை 'வேர்'தான். "ஷி இஸ் வேரிங் பெர்ஃப்யூம்" என்றால் மாணவர் கண் விரியும். அந்த வியப்பை வீணாக்காதீர்கள். 'வேர்' துணிக்கான சொல் அல்ல, உடம்பின் மேல் ஒன்று இருக்கிறது என்ற நிலைக்கான சொல் என்பதை அங்கேயே பதிய வைத்துவிடலாம். கொரிய மொழிக்குள் 'அன்டர்வெஒ', 'ஸ்போர்ட்ஸ்வெஒ' போன்ற கடன்சொற்கள் நுழைந்து உட்கார்ந்திருப்பதால், 'வேர்' என்றாலே துணிமணி என்ற பதிவு அவர் மனதில் ஏற்கெனவே உண்டு.

ப்பல்லி சோதனை

கொரியருக்கு இலக்கண விளக்கத்தைவிட அவர் மொழியின் இரண்டு சொற்கள் நன்றாக வேலை செய்யும். ஒன்று 'ப்பல்லி', சீக்கிரம் என்று பொருள். மற்றொன்று 'ஹாரு ஜோங்இல்', நாள் முழுக்க.

சொல்ல வந்த கொரிய வாக்கியத்தில் 'ப்பல்லி'யைச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். பொருள் தந்தால் 'புட் ஆன்'. 'ஹாரு ஜோங்இல்' பொருந்தினால் 'வேர்'. சீக்கிரமாக ஜாக்கெட் மாட்டலாம், சீக்கிரமாக ஜாக்கெட்டோடு இருக்க முடியாது. நாள் முழுக்க ஜாக்கெட்டோடு இருக்கலாம், நாள் முழுக்க மாட்டிக்கொண்டே இருக்க முடியாது. இவ்வளவுதான்.

'இப்கோ இத்தா' வரும்போது குழப்பம் என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. அதை 'இம்னுன் ஜுங்' என்று மாற்றிச் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். 'ஜுங்' என்றால் நடுவில். உடுத்துகிற வேலையின் நடுவில் இருக்கிறேன் என்று பொருள். இந்த வடிவம் செயலுக்கு மட்டுமே வரும், நிலைக்கு வராது. மாற்ற முடிந்தால் 'புட்டிங் ஆன்', முடியாவிட்டால் 'வேரிங்'.

செயலுக்குக் கொரிய இலக்கணச் சொல் 'தோங்ஜாக்', நிலைக்கு 'சாங்தே'. இரண்டும் மாணவருக்குப் பழகிய சொற்கள். ஆங்கிலக் கலைச்சொற்களை இறக்குமதி செய்யாமல் இவற்றையே பலகையில் எழுதுங்கள்.

கட்டளை வாக்கியத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. தொழிற்சாலை வாசலில் "வேர் எ ஹெல்மெட்" என்று பலகை இருக்கும். மாணவர் அதைக் காட்டி, பிறகு ஏன் "வேர் யுவர் ஷூஸ், லெட்ஸ் கோ" தப்பு என்று கேட்பார். நல்ல கேள்வி. பலகை சொல்வது விதி: உள்ளே இருக்கும் வரை ஹெல்மெட்டோடு இருங்கள். நாள் முழுக்கச் சோதனை அங்கே பொருந்துகிறது. வாசலில் நின்று அவசரப்படுத்துகிறவர் கேட்பது இந்த நொடியின் செயலை, ஆகவே "புட் யுவர் ஷூஸ் ஆன்". "இட்ஸ் கோல்ட், வேர் எ கோட்" என்பதும் சரிதான், வெளியே போகும்போது கோட்டோடு இரு என்ற அறிவுரை அது.

பழக்கத்துக்கு 'ஐ வேர் கிளாசஸ்', இன்றைக்கு மட்டும் என்றால் 'ஐ ஆம் வேரிங் கிளாசஸ் டுடே'. கொரிய மொழியில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம் போதும். பத்து வயதிலிருந்து கண்ணாடி என்றால் "ஐ ஹேவ் வோர்ன் கிளாசஸ் சின்ஸ் ஐ வாஸ் டென்". இங்கே மட்டும் நம்மவருக்குப் பிடித்த 'ஹேவ் வோர்ன்' உரிய இடத்தில் உட்காருகிறது.

வகுப்பில் செய்து காட்டும் முறை

50 நிமிட வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜாக்கெட் வேண்டும், பொத்தான் உள்ளதாக இருந்தால் நல்லது. ஜிப் வைத்தது ஒரு இழுப்பில் முடிந்துவிடும். செயல் நீண்டால்தான் பாடம் தெரியும்.

1. ஜாக்கெட்டைக் கையில் பிடித்து ஒரு கையை மட்டும் நுழைத்து நிறுத்துங்கள். உறைந்தது போல நில்லுங்கள். "ஐ ஆம் புட்டிங் இட் ஆன்." மாணவரும் தன் ஜாக்கெட்டோடு அதே நிலையில் நின்று சொல்ல வேண்டும். உட்கார்ந்தபடி வெறுமனே சொன்னால் ஒட்டாது.

2. கடைசிப் பொத்தானைப் போட்டு, கையை எடுத்துவிடுங்கள். "ஐ ஹேவ் புட் இட் ஆன்." இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். செயல் முடிந்த அந்தக் கணத்துக்கும் ஒரு வாக்கியம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் 'வோர்' அந்த இடத்தைப் பிடிக்காது.

3. ஒன்றும் செய்யாமல் உட்காருங்கள். ஐந்து வினாடி அமைதி. பிறகு, "ஐ ஆம் வேரிங் எ ஜாக்கெட்."

4. கழற்றுங்கள். பாதியில் நிறுத்தி "ஐ ஆம் டேக்கிங் இட் ஆஃப்." முழுக்கக் கழற்றி நாற்காலியில் போட்ட பிறகு, "ஐ வோர் இட் ஃபார் டூ மினிட்ஸ்." ஜாக்கெட் உடம்பை விட்டு இறங்கிய பிறகுதான் 'வோர்' வாயில் வர வேண்டும். இந்த வரிசையின் உயிரே இந்த நான்காவது படிதான்.

நான்கையும் மூன்று முறை செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் பொருளை மாற்றி. கையுறை, தொப்பி, ஷூ என்று எடுத்தால் கொரிய வினை ஒவ்வொரு முறையும் மாறும், ஆங்கில வினை மாறாது. பட்டியலையும் சொல்லாமலே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

இதில் உடனே தலைகாட்டும் பிழைகள் மூன்று. 'புட் ஆன் இட்' என்பது ஒன்று. 'இட்', 'தெம்' போன்ற சிறிய சொற்கள் 'புட்'டுக்கும் 'ஆன்'னுக்கும் நடுவில்தான் வரும். 'ஜாக்கெட்' என்று முழுப் பெயர் சொன்னால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். கொரிய மொழியில் வினை கடைசியில் ஒரே துண்டாக வரும், தமிழில் போலவே. வினையைப் பிளந்து நடுவில் ஒன்றைச் சொருகுவது அவருக்கு விசித்திரமாக இருக்கும். ஆகவே 'புட் இட் ஆன்', 'டேக் இட் ஆஃப்' இரண்டையும் பிரிக்காமல் ஒரே மூச்சில் சொல்ல வையுங்கள். இரண்டாவது, 'வேர் ஆன் யுவர் கோட்' என்ற கலப்படம். இரண்டு வினையையும் கற்ற வாரத்தில் வரும், தானாகப் போய்விடும், பெரிதுபடுத்த வேண்டாம். மூன்றாவது, எல்லாவற்றுக்கும் 'புட் ஆன்' போடுவது. திருத்தம் அதிகமானால் மாணவர் 'வேர்' பக்கமே போகப் பயப்படுவார். ஒரு வகுப்பில் மூன்று திருத்தங்களுக்கு மேல் வேண்டாம்.

அடுத்து, ஜாக்கெட்டை விட்டு ஒரு கதைக்குப் போங்கள். சியோலில் க்யோங்பொக்குங் அரண்மனைக்குக் கொரியப் பாரம்பரிய உடையான ஹான்போக் உடுத்திப் போனால் நுழைவுக் கட்டணம் கிடையாது. கொரியர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சுற்றுலாவுக்கு வந்த வெளிநாட்டு நண்பருக்கு இதை விளக்க வேண்டும் என்று மாணவரிடம் சொல்லுங்கள். வாடகைக் கடைக்குள் போய் உடுத்திக்கொள்வது 'புட் ஆன்'. உதவியில்லாமல் முடிச்சுப் போட வராது, பத்து நிமிடம் ஆகும்: "இட் டேக்ஸ் டென் மினிட்ஸ் டு புட் ஆன்". வாசலில் காவலர் பார்ப்பது நிலையை: "பீப்பிள் வேரிங் ஹான்போக் கெட் இன் ஃப்ரீ". இரண்டு மணி நேரம் சுற்றுவது 'வேர்'. கடைக்குத் திரும்பிக் கழற்றுவது 'டேக் ஆஃப்'. சாயங்காலம் நினைத்துப் பார்த்துச் சொல்லும்போது 'வோர்'. ஒரே நாளுக்குள் வினையின் எல்லா முகமும் வந்துவிடுகிறது. 15 நிமிடம் இதற்கே கொடுங்கள்.

டோயிக் படங்கள்

கொரியாவில் வேலை தேடும் பலரும் டோயிக் (TOEIC) என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதுவார்கள். அதன் கேட்டல் பகுதி 100 கேள்விகள், சுமார் 45 நிமிடம். முதல் பாகத்தில் புகைப்படங்கள். 2016இல் வடிவம் மாறியதிலிருந்து ஆறு படங்கள், அதற்கு முன் பத்து. ஒவ்வொரு படத்துக்கும் நான்கு வாக்கியங்கள் ஒரே ஒருமுறை காதில் விழும், தாளில் அச்சாகியிருக்காது. இங்கே "தி மேன் இஸ் புட்டிங் ஆன் எ ஹெல்மெட்" என்பது பழம்பெரும் பொறி. படத்தில் ஆள் ஹெல்மெட்டோடு வேலை செய்துகொண்டிருப்பார், கை ஹெல்மெட்டில் இருக்காது. பதில் 'இஸ் வேரிங்'.

பயிற்சி மையங்களில் இதை மந்திரமாக ஓதிவிடுவார்கள்: 'வேரிங்' சாங்தே, 'புட்டிங் ஆன்' தோங்ஜாக். அதனால் உங்கள் மாணவருக்கு விதி தெரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். காதுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாது, அவ்வளவுதான். விதியை மறுபடி விளக்கி நேரத்தை வீணாக்காமல், அதே வகைப் படங்களைக் காட்டிப் பேச வையுங்கள். படத்தில் கை எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கை பொருளின் மேல் இருந்தால் 'புட்டிங் ஆன்' அல்லது 'டேக்கிங் ஆஃப்' என்று யோசிக்கலாம். இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம்.

அன்றாடம் வரும் நான்கு இடங்கள்

காலை வழக்கத்தைச் சொல்லச் சொன்னால் "ஐ வாஷ் மை ஃபேஸ், வேர் கிளோத்ஸ் அண்ட் கோ டு ஒர்க்" என்பார்கள். கொரிய மொழியில் 'ஓசுல் இப்கோ' என்று உடையைச் சொல்லாமல் வினை நிற்காது. ஆங்கிலத்தில் எந்த உடை என்பது முக்கியமில்லாதபோது 'கெட் டிரெஸ்டு' போதும். 'ஐ வேர் கிளோத்ஸ்' என்றால், நான் துணி உடுத்தும் பழக்கமுள்ளவன் என்று அறிவிப்பது போலக் கேட்கும். இதைச் சொன்னால் மாணவர் மறக்க மாட்டார்.

கடையில் "கேன் ஐ வேர் திஸ்?" என்பார்கள். கொரிய மொழியில் 'இபொ போதா', உடுத்திப் பார். 'போதா' என்றால் பார். தமிழில் நாம் சொல்லும் 'போட்டுப் பார்' அச்சு மாறாமல் இதே அமைப்புதான். ஆங்கிலத்தில் பார்ப்பது வராது, முயல்வது வரும்: "கேன் ஐ டிரை திஸ் ஆன்?" இங்கும் 'இட்' என்றால் 'டிரை இட் ஆன்'.

உடுத்திக்கொண்டு வருவதைச் சொல்ல "ஹி வோர் எ சூட் அண்ட் கேம்" என்று இரண்டு வினையாக உடைப்பார்கள். "ஹி கேம் இன் எ சூட்" அல்லது "ஹி வோர் எ சூட் டு ஒர்க்" என்று சொல்லிக்கொடுங்கள். இந்த 'இன்' பெரிய உதவி. 'சிவப்புத் தொப்பி போட்ட ஆள்' என்பதைக் கொரிய மொழியில் இறந்தகாலப் பெயரெச்சமான 'ஸ்ஸுன்' கொண்டு சொல்வார்கள், தமிழில் 'போட்ட' போலவே. அதனால்தான் "தி மேன் ஹூ வோர் எ ரெட் ஹேட்" வருகிறது. "தி மேன் இன் தி ரெட் ஹேட்" என்று பழக்கிவிட்டால் காலக் குழப்பமே எழாது.

வீட்டு வாசலில் ஷூ கழற்றுவது கொரிய வீடுகளில் விட முடியாத வழக்கம், ஆகவே 'டேக் ஆஃப்' நிறையத் தேவைப்படும். ஆடை, ஷூ, தொப்பி, கண்ணாடி எல்லாவற்றுக்கும் கொரிய மொழியில் 'பொத்தா'. மோதிரத்தையும் லென்ஸையும் உருவுவதற்கு 'ப்பேதா'. கடிகாரம், டை, பெல்ட் அவிழ்ப்பதற்கு 'புல்தா'. ஆங்கிலத்தில் ஏறக்குறைய எல்லாமே 'டேக் ஆஃப்', இரண்டு விலக்குகளோடு: கான்டாக்ட் லென்ஸுக்கு 'புட் இன்', 'டேக் அவுட்', சீட் பெல்ட்டுக்கு 'ஃபாஸன்', 'அன்டூ'. கவனித்தால், செயலுக்கான வினைதான் மாறுகிறது. இருக்கும் வரை இரண்டுமே 'வேர்'.

வினை சரி, பெயர்ச்சொல் கவிழ்க்கும்

வாக்கியம் சரியாக வந்தும் கேட்பவருக்குப் புரியாமல் போவது கொரியாவில் உருமாறிய ஆங்கிலச் சொற்களால். 'ஒன் பீஸ்' என்றால் அவர்கள் சொல்வது பெண்கள் அணியும் டிரெஸ்ஸை. 'வாஇ ஷர்ட்' என்பது ஜப்பானிய வழியாக வந்த 'ஒயிட் ஷர்ட்', ஆனால் எந்த நிறமானாலும் காலர் வைத்த ஃபார்மல் சட்டைக்கு அந்தப் பெயர்தான். 'மேன் டு மேன்' என்றால் ஸ்வெட்ஷர்ட். "ஐ ஆம் வேரிங் எ மேன் டு மேன்" என்று ஒருவர் சொன்னால், வினை கச்சிதம் என்று மனதுக்குள் பாராட்டிவிட்டுப் பெயரைத் திருத்துங்கள்.

'பேன்ட்ஸ்', 'ஜீன்ஸ்', 'கிளாசஸ்' ஆகியவை ஆங்கிலத்தில் எப்போதும் பன்மை. 'எ கிளாசஸ்' தவறு. எண்ண வேண்டுமென்றால் 'எ பேர் ஆஃப்'. கொரிய மொழியில் 'எ', 'தி' போன்ற சுட்டிடைச்சொல்லும் கிடையாது, பன்மையும் கட்டாயமில்லை என்பதால் இது நாள்பட்டு வரும். வினையைப் பழக்கும் வகுப்பில் இதைக் கையில் எடுக்காதீர்கள்.

வாய்க்கு வராத 'வோர்'

கொரிய மொழியில் 'வ' ஒலியோடு 'ஓ' சேர்ந்த அசை கிடையாது. அதனால் 'வோர்' என்பது 'வொ' என்று தட்டையாக, ஏறக்குறைய 'வோர்' வர வேண்டிய இடத்தில் 'வெர்' (were) என்ற துணைவினை வந்தது போல ஒலிக்கும். இலக்கணம் சரியாக இருந்தும் "தே வெர் ஜாக்கெட்ஸ்" என்று கேட்பவர் காதில் விழும். சரிசெய்ய, முதலில் 'ஓர்' என்று உதடு குவித்துச் சொல்ல வையுங்கள். உதட்டை இன்னும் இறுக்கிக் குவித்த நிலையிலிருந்து அதே 'ஓர்' வெளியே வரட்டும். பத்து முறை போதும், கண்ணாடி முன் செய்தால் இன்னும் நல்லது. 'வேர்' என்பதை இரண்டு அசையாக 'வெ-ஒ' என்று இழுப்பதையும் ஒரே அசையாக்க வேண்டும். 'எங்கே' என்று கேட்கும் 'வேர்' சொல்லும் இதே ஒலிதான் என்றால் நம்ப மாட்டார்கள், பதிவைப் போட்டுக் காட்டுங்கள்.

காலவடிவம் நினைவில் நிற்க, 'பேர்–போர்', 'டேர்–டோர்', 'ஸ்வேர்–ஸ்வோர்' என்று ஒரே குடும்பமாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். 'வேர்ட்' என்று 'எட்' சேர்ப்பது நின்றுவிடும்.

'ஆஃப்' கொரிய எழுத்தில் 'ஒப்பு' ஆகிவிடும், அந்த மொழியில் 'ஃப' ஒலி இல்லை. 'டேக் இட் ஆஃப்' என்பதில் கீழுதட்டை மேல்பல் தொடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தேய்வது

'வேர் அவுட்', 'வேர் ஆஃப்' ஆகியவற்றை இந்த வகுப்பில் கலக்க வேண்டாம், இரண்டு வாரம் போகட்டும். போட்டுப் போட்டுத் தேய்ந்து போவது 'வேர் அவுட்': "மை ஷூஸ் ஆர் வோர்ன் அவுட்". ஆளைப் பற்றிச் சொன்னால் களைத்துப் போவது. மருந்தின் வேகம் மெல்ல இறங்குவது 'வேர் ஆஃப்'. கொரிய மொழியில் தேய்வதற்கு 'தால்த்தா', களைப்புக்கு 'ஜிச்சிதா' என்று இரண்டுக்கும் உடுத்துவதோடு சம்பந்தமே இல்லாத வினைகள். துணியை உடுத்த உடுத்த அது நைந்து போகிறது என்ற ஒரே கயிற்றைக் கையில் கொடுத்தால் போதும்.

இரண்டு நாள் கழித்து

அடுத்த வகுப்பில் முன்னறிவிப்பு கொடுக்காதீர்கள். கேமரா வந்ததும் சாதாரணப் பேச்சாக, "வாட் ஆர் யூ வேரிங் டுடே?" என்று கேளுங்கள். "ஐ வோர் எ ஸ்வெட்டர்" என்று வந்தால் திருத்த வேண்டாம். "அண்ட் நவ்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். குனிந்து தன் ஸ்வெட்டரை ஒருமுறை பார்ப்பார், சரியான வாக்கியம் பெரும்பாலும் தானாக வரும். வராவிட்டால் மறுபடி ஜாக்கெட்டோடு நான்காவது படிக்குப் போங்கள்.